கடல் தடையன்று

அந்தமானில் பட்டம் பெறும் மாணவர் பலர், அரசுப் பணி அறிவிப்பை எதிர்நோக்கியிருப்பர். அன்றேல் சென்னைக்குக் கப்பலேறினால்தான் வழி பிறக்கும் எனக் கருதுவர். காத்திருத்தல் வேறு; ஆயத்தமாதல் வேறு.

2020 ஆகஸ்டு 10 அன்று, சென்னையையும் இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. பிற தீவுகளையும் தொடும் அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கி.மீ. விண்ணப்பமும் நேர்காணலும் தீவிலிருந்தே இயலும் நிலை வந்தது. ஆனால் வடம் நம் குரலைத்தான் சுமக்கும். சொல்லத்தக்க செயலை நாமே ஈட்ட வேண்டும்.

அதற்குரிய களம் அருகிலேயே உள்ளது. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், இந்திய விலங்கியல், தாவரவியல் ஆய்வகங்களின் மண்டல மையங்களும் அங்கு இயங்குகின்றன. மாணவர்களே, விடுமுறைக்கு மூன்று மாதம் முன்பே, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துடன் பயிற்சி வாய்ப்புக் கேளுங்கள். பயிற்சியில் அன்றன்று கற்றதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தன்விவரக் குறிப்பில் ‘கடின உழைப்பாளி’ என எழுதுவதினும், செய்து முடித்த ஒரு பணியை எழுதுவதே மேல்.

பவளப்பாறைகளையும் அலையாத்திக் காடுகளையும் ஆராய அறிஞர்கள் கடல் கடந்து வருகின்றனர். அவற்றினிடையே வளர்ந்த இளைஞர், தமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணலாமா?