சிறு நீர்மின் நிலையத்தில் பணியேற்கும் தம்பிக்கு

வத்தேகம.

அன்புள்ள தம்பிக்கு,

தொழில்நுட்பக் கல்லூரியில் பயிற்சியை முடித்து, ஹுலு கங்கைக் கரையிலுள்ள சிறு நீர்மின் நிலையமொன்றில் இயக்குநராக நீ நியமனம் பெற்றிருக்கிறாய் என்று உன் தாயார் சொல்லக் கேட்டுப் பெரிதும் சந்தோஷமடைந்தேன். டர்பைன் எவ்விதம் சுழல்கிறது, ஜெனரேட்டரை மின்கட்டமைப்போடு எவ்விதம் இணைப்பது என்பவற்றை உனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் திறமைசாலிகள்; அவர்களுடைய வேலையில் நான் தலையிடப்போவதில்லை. ஆனால், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் நம்மை ஆட்டிவைத்த கொள்ளைநோயின்போது இத்தகைய நிலையங்களும் அவற்றை நம்பிப் பிழைத்த சிப்பந்திகளும் எப்படி நிலைத்து நின்றார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் உனக்குச் சொல்லியிராது. அக்காலம் முழுவதும் இத்தொழிலில் இருந்தவன் என்ற உரிமையோடு அதை எழுதுகிறேன்.

நம் ஊர் தண்ணீரால் வெளிச்சம் கண்ட பிரதேசத்தின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் 1976இல் முடிந்த பொல்கொல்லை அணை, மகாவலியின் நீரை ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தினூடாக உக்குவளை மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. மறுபக்கம் 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை, 1985 முதல் 210 மெகாவாட் மின்சாரத்துக்கு ஆதாரமாய் நிற்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிறந்து, பன்வில வழியாக இறங்கி, அந்த விக்டோரியா நீர்த்தேக்கத்திலேயே சென்று கலக்கும் ஹுலு கங்கையும் அதன் ஓடைகளும் இவற்றோடு ஒப்பிடத்தக்கவை அல்லவாயினும், தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலத் துரைமார் காலத்திலேயே ஓடைநீரால் யந்திரங்கள் சுழன்ற பாரம்பரியம் இம்மலைநாட்டுக்கு உண்டு. தேசிய மின்கட்டமைப்பு வந்தபின் கைவிடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்த அந்த வித்தை, 1996இல் டிக் ஓயாவில் தனியார் நிலையம் ஒன்று மின்சார சபைக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியதும் மறுபடியும் உயிர்பெற்றது. 2020இல் நாடெங்கும் இப்படிப்பட்ட நிலையங்கள் 200க்கு மேல் இருந்தன, அவற்றின் மொத்த வலு ஏறக்குறைய 400 மெகாவாட். நீ சேரப்போவது இந்தக் குடும்பத்தில்தான்.

அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கண்டி மாவட்டம் அபாயம் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. மாத இறுதியில் நமக்கு வெகு தூரத்தில் இல்லாத அக்குறணை முற்றாகத் தனிமைப்படுத்தப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர அரசாங்கம் அனுமதித்தது. ஆனால் ஆடைத் தொழிற்சாலைகளும் ஹோட்டல்களும் கடைவீதிகளும் மூடிக்கிடந்தபடியால், நாட்டின் மின்சாரத் தேவை திடீரென்று வீழ்ந்தது. நீர்மின் நிலையத்துக்கு எண்ணெய் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், கப்பல் வரவேண்டாம். ஆற்றில் நீர் இருந்தால் போதும், ஆகவே கொள்ளைநோய் எங்களைத் தீண்டாது என்று நம்பியவர்கள் எங்களுள் பலர். அந்த நம்பிக்கை பாதி மெய்யாயிற்று, பாதி பொய்யாயிற்று.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோர் குறைந்தபோது 33,000 வோல்ட் கம்பியின் கடைக்கோடியில் வோல்டேஜ் ஏறியது. நடு இரவில், ஊர் முழுவதும் உறங்கும் வேளையில், எல்லை கடந்த வோல்டேஜைக் கண்ட ரிலே 'டக்' என்று விழும். சுமையை இழந்த டர்பைன் ஒரு கணத்தில் சீறிக்கொண்டு வேகம் பிடிக்கும். கவர்னர் நீர்வழியை மூட, மேலே முன்தொட்டி நிரம்பி வழிந்து, காசாக வேண்டிய தண்ணீர் பாறைகளின்மேல் வீணே இறங்கிப்போகும். கம்பி சீரானதும் அதிர்வெண்ணும் வோல்டேஜும் பொருந்தும்படி மெல்ல மெல்ல ஏற்றி, மறுபடியும் இணைக்க வேண்டும். ஓர் இரவில் பல தடவை இப்படி நேர்ந்ததுண்டு. கம்பியில் ஏறிய அலகுக்கு மாத்திரமே எங்களுக்குப் பணம். வழிந்தோடிய நீருக்கு எவரும் பணம் தருவதில்லை.

ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கியபோது வேறொரு சங்கடம் வந்தது. வரண்ட மாதங்களில் கரையில் குவிந்து கிடந்த மூங்கில் இலையும் மானாப் புல்லும் டர்பன்டைன் மரத்தின் சருகும் முதல் வெள்ளத்தோடு ஒன்றாய் வந்து, நீர் எடுக்கும் வாயிலிலுள்ள கம்பித் தடுப்பில் பாய்போல் ஒட்டிக்கொள்ளும். அதை வாரி இழுக்காவிட்டால் வாய்க்காலில் நீர் குன்றி, கால் மணி நேரத்தில் யந்திரம் மூச்சு முட்டும். அந்த வேலையைச் செய்பவர் பொறியியலாளர் அல்லர். நாட்சம்பளத்துக்குத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் வாய்க்கால்காரர். ஊரடங்குக் காலத்தில் நான் கண்ட உண்மை இது: மேலாளர் கொழும்பில் இருந்துகொண்டு தொலைபேசியில் பேசி நிர்வாகத்தை நடத்த முடிந்தது, கணக்காளர் வீட்டிலிருந்தே கணக்கு எழுத முடிந்தது, இடுப்பளவு நீரில் இறங்கி இரவு இரண்டு மணிக்குச் சருகு வாருவதற்கு மாத்திரம் ஒரு மனிதனின் இரு கரங்கள் அங்கேயே தேவைப்பட்டன. பொலிஸ் நிலையத்தில் ஊரடங்கு அனுமதிப்பத்திரம் வாங்கும்போது பொறியியலாளருக்கும் இயக்குநருக்கும் கேட்டுவிட்டு, அந்த வாய்க்கால்காரரை மறந்த நிலையங்கள் முதல் மழையிலேயே நின்றுபோயின. அவரையும் இயக்குநர்களையும் நிலையத்திலேயே தங்கவைத்து, அரிசி, பருப்பு, மாசி, விறகு எல்லாம் சேர்த்துவைத்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை குழு மாற்றிய நிலையங்கள் தடையின்றி ஓடின.

சம்பள விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் ஒரு நிறுவனத்தின் சுபாவம் அங்கேதான் பிரத்தியட்சமாகும். 2020 மே மாதத்தில் தொழில் அமைச்சும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கூடி, வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு மே, ஜூன் மாதங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது அதிகமோ அதைக் கொடுப்பதென்று இணக்கம் கண்டன. சட்டப்படி அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும், அந்த இணக்கத்தின் நிழலில் நாட்சம்பளக்காரரை விட்டுவிட்டு நிரந்தர ஊழியரை மாத்திரம் கணக்கில் எடுத்த நிறுவனம் ஒன்றை நான் அறிவேன். ஊரடங்கு தளர்ந்தபோது, வாய்க்காலின் எந்தத் திருப்பத்தில் கசிவு உண்டு, எந்தப் பாறை வெள்ளத்தில் நகரும் என்று இருபது வருஷமாய் அறிந்திருந்த ஒருவர் அங்கே திரும்பி வரவில்லை. கொந்தரப்புக்கு மரக்கறி பயிரிடப் போய்விட்டார். அவருடைய ஞானம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவ்விதம் செய்தது தவறு, அது நஷ்டமும்கூட என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

பணத்தின் கதையையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். இயக்குநருக்கு அது எதற்கு என்று எண்ணாதே. மானி வாசிப்போர் வீடு வீடாய்ப் போக முடியாமலும், மக்கள் கட்டணம் செலுத்த முடியாமலும் போனதால் மின்சார சபையின் வருமானம் சுருங்கியது. சபை எங்களுக்குத் தரவேண்டிய பணம் மாதக்கணக்கில் நிலுவையாய் நின்றது. நிலையம் கட்ட வாங்கிய வங்கிக் கடனுக்கோ வட்டி நிற்கவில்லை. மத்திய வங்கி அவ்வாண்டு மார்ச்சில் அறிவித்த கடன் சலுகைக் காலம் சிலருக்கு மூச்சுவிட இடம் தந்தது. ஒவ்வொரு மாதமும் உற்பத்தியான அலகுகளைப் பிழையின்றிப் பதிந்து, கம்பி நின்ற நேரத்தையும் காரணத்தையும் நிமிஷக் கணக்கில் குறித்துவைத்த நிலையங்கள், வங்கியிடமும் சபையிடமும் நிமிர்ந்து பேசின. அந்தப் பதிவேட்டை எழுதுகிறவன் நீதான்.

கடல் கடந்தும் இதே காலத்தில் ஒரு பாடம் நடந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு இந்தியாவில் ஒன்பது நிமிஷம் விளக்கணைக்கும்படி பிரதமர் வேண்டியபோது, அந்தச் சில நிமிஷங்களில் 31,000 மெகாவாட் அளவு தேவை வீழ்ந்தது; நீர்மின் நிலையங்களே 17,000 மெகாவாட்டுக்கு மேல் இறக்கி, பின் ஏற்றி, கட்டமைப்பைக் காத்தன. நிலக்கரி யந்திரத்தை அவ்வளவு விரைவில் அடக்கி எழுப்ப இயலாது. அவ்வாண்டு உலகத்தில் மின்சார நுகர்வே குறைந்தபோதும், புதிதாகச் சேர்ந்த புதுப்பிக்கத்தக்க மின்வலு ஏறக்குறைய 280 கிகாவாட் என்று சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம் கணக்கிட்டது. அது முந்தைய ஆண்டைவிட 45 வீதம் அதிகம். உன் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று எவரேனும் கேட்டால் இதைச் சொல்.

ஆனால் அகங்காரம் கொள்ளாதே. அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உபநிலையத்தில் நேர்ந்த கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனபோது, வாய்க்கால் நிறைய நீர் ஓடிக்கொண்டிருந்தும், எங்கள் நிலையம் அயல் கிராமத்துக்கு ஒரு விளக்கையும் ஏற்ற முடியாமல் நின்றது. கட்டமைப்போடு இணைந்தே இயங்கும்படி அமைந்த யந்திரம், கட்டமைப்பு இன்றி இயங்காது. பெரிய நீர்மின் நிலையங்கள் எழுந்து, கம்பிக்கு உயிர் வந்த பிறகே எங்கள் முறை வந்தது. நாம் பிறரைச் சார்ந்து வாழ்பவர்கள் என்பதை அன்று மாலை நான் கண்ணாரக் கண்டேன்.

நோய் தணிந்த பிறகு வந்த 2022 வேறொரு சோதனை. ரூபா வீழ்ந்து, ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பதின்மூன்று மணி நேர மின்வெட்டில் நாடு தவித்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பெயரிங் ஒன்றின் விலையைக் கேட்டு மேலாளர்கள் திகைத்தார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் உதிரிப்பாகங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து, அந்த அனுபவத்தால் பெயரிங், சீல், ரிலே ஆகியவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக வாங்கி அறையில் வைத்திருந்தவர்கள் இதையும் கடந்தார்கள்.

ஆகவே தம்பி, உன்னிடம் நான் வேண்டுவது சிலவே. நீ செய்யும் எந்த வேலையையும் இன்னொருவருக்குக் கற்றுக்கொடு. பிறர் செய்யும் வேலையை, கம்பித் தடுப்பை வாருவது உட்பட, நீயும் கற்றுக்கொள். நீ காய்ச்சலில் படுத்தால் யந்திரத்தை இணைக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் நிலையத்தில் இருக்க வேண்டும். வாய்க்கால்காரரின் பெயரும் முகவரியும் அவசர காலப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பணியேற்ற முதல் வாரத்திலேயே பார். இல்லையென்றால் நீயே எழுதிச் சேர்த்துவிட்டு, மேலாளரிடம் கையொப்பம் வாங்கு. அவரோடு ஒருநாள் வாய்க்கால் முழுவதும் நடந்து, அவர் சொல்வதையெல்லாம் பதிவேட்டில் குறித்துக்கொள். தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் பிடித்துவிடும். அந்த நடையை அதற்கு முன் முடித்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்