வரைவில் இல்லாததும் இருப்பதும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தெந்த ஊர்கள் 'சூழல் உணர்திறன் பகுதி' என்று வரையறுக்கும் வரைவு அறிவிக்கையை ஒன்றிய அரசு 2014-இல் முதன்முதலாக வெளியிட்டது. 2024 ஜூலை 31-இல் வந்தது ஆறாவது வரைவு. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 56,825 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914. ஒவ்வொரு முறையும் மக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் தருகிறார்கள். மலையூர் டீக்கடைகளில் அந்த 60 நாளும், யாரும் எழுதாத வேறொரு வரைவைப் பற்றிப் பேசியே தீர்ந்துபோகிறது.

"வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், நிலத்தை விற்கவும் முடியாது."

எல்லா வதந்திக்கும் தாய் இதுதான். முதல் வரைவுக்கு முன்பே, 2013 நவம்பரில் இந்தப் பயத்தால் கேரள மலை மாவட்டங்களில் கடையடைப்பும் மறியலும் நடந்தன. அடுத்த ஆண்டு இடுக்கி மக்களவைத் தொகுதி கைமாறியதற்கும் இந்தப் பயம் ஒரு காரணம்.

வரைவு எதைத் தடுக்கிறது? சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், புதிய அனல் மின் நிலையம், அதிக மாசு தருவதால் 'சிவப்பு' வகையில் வரும் புதிய தொழிற்சாலைகள். ஏற்கெனவே ஓடும் குவாரிகளைப் படிப்படியாக மூட வேண்டும். கட்டடத்துக்கும் வரம்பு உண்டு: 20,000 சதுர மீட்டர், அதாவது இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி. ரிசார்ட் முதலாளி கவலைப்படலாம். 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், விரிவாக்கலாம். தேயிலைக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் தடையில்லை. விற்பனைக்கும் இல்லை.

ஆனாலும் இந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நீலகிரியின் கூடலூரில் 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 'பிரிவு 17' நிலங்களில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பட்டா கிடையாது, அதனால் மின் இணைப்பு வாங்கவும் அலைச்சல். தலைமுறை தாண்டியும் தீராத வழக்கு அது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரணாலயங்களைச் சுற்றி 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் கட்டாயம் என்றது. மறு ஆண்டு ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. இத்தனையும் பார்த்தவர் மலை வரைபடத்தில் இன்னொரு வண்ணம் ஏறினால் நடுங்கத்தான் செய்வார். இது வேறு சட்டம், அது வேறு சட்டம் என்று அவருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுடையது. அது நடக்கவில்லை.

"வருவது காட்கில் அறிக்கைதான்."

இல்லை. மாதவ் காட்கில் குழு 2011-இல் தந்த அறிக்கை மலைத்தொடர் முழுவதையும் மூன்று மண்டலங்களாகப் பிரித்து, முடிவெடுப்பதில் கிராம சபைக்கு முதலிடம் கேட்டது. மாநிலங்கள் ஒப்பவில்லை. பிறகு அமைந்த கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் ஏறத்தாழ 37 சதவீதப் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆறு வரைவுகளும் இரண்டாவது குழுவின் வழி வந்தவை. போராட்டப் பந்தலில் காட்கிலைத் திட்டுகிறவர்கள், கிராம சபைக்கு அதிகாரம் கேட்டவரையே திட்டுகிறார்கள்.

"வயநாடு நிலச்சரிவைப் பார்த்துத்தான் அவசரமாக ஆறாவது வரைவு வந்தது."

தேதிகள் அப்படி நினைக்க வைக்கின்றன: சரிவு ஜூலை 30, வரைவு ஜூலை 31. ஆனால் 2022 ஜூலையில் வந்த ஐந்தாவது வரைவு, உரிய காலத்துக்குள் இறுதியாகாமல் காலாவதியாகியிருந்தது. புதுப்பித்தே ஆக வேண்டிய நேரம் அது.

"வரைவுதானே, இறுதியாகும்வரை ஒன்றும் கட்டுப்படுத்தாது."

2013 நவம்பர் 13-இலேயே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் அமைச்சகம் மாநிலங்களுக்கு ஆணையிட்டு, புதிய குவாரி போன்றவற்றுக்கு அனுமதியை நிறுத்தியது. 2018 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், தன் அனுமதியின்றி வரைவின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்றது.

"கலெக்டர் ஆபீசில் கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம்."

பலர் ஏமாந்துபோவது இங்கேதான். ஆலையோ அணையோ வரும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஊரில் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் வேறு; அதற்கு மேடை உண்டு, மைக் உண்டு, கலெக்டர் உண்டு. வரைவு அறிவிக்கைக்கு அதெல்லாம் இல்லை. அரசிதழில் வெளியிடுவார்கள், ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் அனுப்ப வேண்டும். அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகும் அரசிதழ். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம். அரசு செய்தது என்ன? உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வால்பாறை எஸ்டேட் தொழிலாளி எந்த மொழியில் ஆட்சேபம் எழுதுவார் என்று எதிர்பார்த்தார்களோ!

"ஆயிரக்கணக்கில் மனு போனால் ரத்தாகிவிடும்."

இது வாக்கெடுப்பு அல்ல. வந்த ஆட்சேபங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் விதி. எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஒரே வாசகத்தில் கையெழுத்து மட்டும் மாறிய ஆயிரம் கடிதங்களை ஒரே ஆட்சேபமாகக் கொண்டு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

வரைவில் உண்மையாகவே சுட்டிக்காட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படத்தை வைத்து, ஒரு கிராமத்தின் பரப்பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ சூழல் மதிப்புள்ள நிலமாக இருந்தால் முழுக் கிராமத்தையும் பட்டியலில் சேர்த்தது. அதாவது மீதி 80 சதவீதம் கடைவீதியும் தோட்டமுமாக இருந்தாலும் ஊர் முழுவதும் உள்ளே. கேரளம் கோஷத்தோடு நிற்கவில்லை, உம்மன் வி. உம்மன் குழு போட்டு, ஊர் ஊராகச் சரிபார்த்துக் கணக்குக் காட்டியது. 13,108 சதுர கிலோமீட்டர் 9,993-ஆகக் குறைந்தது. குறைத்தது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. குறைத்த முறையில் இல்லை.

ஆகவே எழுதுகிறவர்கள் முதலில் வரைவின் இணைப்பிலுள்ள கிராமப் பட்டியலில் தம் வருவாய்க் கிராமத்தையும் வட்டத்தையும் தேடிப் பார்க்கட்டும். எந்தப் பத்தியை மறுக்கிறோம் என்று குறிப்பிட்டு, புல எண், அடங்கல், நில அளவை வரைபட (எஃப்.எம்.பி.) நகல் இணைத்து, விரைவுத் தபாலில் அனுப்பட்டும். காட்டைச் சேர்க்காமல் விட்டிருந்தாலும் இதே வழிதான். ஆட்சேபம் என்றால் நீக்கச் சொல்வது மட்டுமல்ல. ஒரு நகல் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கும் போக வேண்டும். கள ஆய்வு செய்து தில்லிக்குக் கணக்குச் சொல்லப்போவது அவர்கள்தான்.