எண்ணூர்க் கடலும் நுண்ணுயிரிகளும்

நுழையும்முன்

இலையும் எலும்பும் எண்ணெயும் மட்கி மீண்டும் மண்ணாகவும் நீராகவும் காற்றாகவும் மாறுவது கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் உழைப்பால்தான். அவை எப்போது பெருகுகின்றன, எப்போது தளர்கின்றன என்பதை அறிந்தால், ஒரு கால்வாய் ஏன் நாறுகிறது, ஒரு கடற்கரை எவ்வாறு மீள்கிறது என்பனவும் விளங்கும். வடசென்னையின் நீர்வழியே சென்று அவ்வறிவைப் பெறத் துணைசெய்கிறது இப்பாடம்.

யானைக்கவுனி முதல் எண்ணூர் வரை

கவுனி என்பது வாயிலைக் குறிக்கும் சொல். பழைய சென்னை நகரின் மதிற்சுவரில் அமைந்திருந்த வாயில்களுள் ஒன்றின் பெயரே இன்று யானைக்கவுனி என வழங்குகிறது. மதில் மறைந்தாலும் அதன் நினைவை வால்டாக்ஸ் சாலை தன் பெயரில் தாங்கி நிற்கிறது. அதற்கு அருகே, பேசின் பாலத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான இதன் முதற்பகுதி 1806ஆம் ஆண்டு வெட்டப்பட்டது. பின்னர் நீட்டிக்கப்பட்ட இக்கால்வாய், 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற வழி அது.

இன்று அவ்வழியே நகரின் கழிவுநீர் செல்கிறது. ஓட்டேரி நல்லா பேசின் பாலத்திற்கு அருகில் இதனோடு கலக்கிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனப் பல பகுதிகளைக் கடந்து, கொசஸ்தலையாறு கடலோடு சேரும் எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. கால்வாயின் கறுப்பு நிறமும் அழுகிய முட்டையின் நாற்றமும் அங்கு வாழும் நுண்ணுயிரிகளின் வாழ்நிலையை நமக்கு அறிவிக்கும் அடையாளங்கள்.

ஒன்று கோடியாகும் கணக்கு

பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிளந்து பெருகுபவை. மனிதக் குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலை, ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை பிளவுறும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். பத்து மணி நேரத்தில் 107 கோடியைக் கடக்கும். ஒரு பாக்டீரியாவின் எடை ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு எனக் கொண்டாலும், இதே வேகம் தடையின்றி நீடித்தால் ஒரு நாள் முடிவில் அவற்றின் மொத்த எடை 4000 டன்னை மிஞ்சும்.

அவ்வாறு நிகழ்வதில்லை. புதிய சூழலை அடைந்த நுண்ணுயிரி முதலில் அதற்குத் தக்க நொதிகளை உருவாக்கிக்கொள்ளச் சிறிது காலம் எடுத்துக்கொள்கிறது. இது தயக்க நிலை. பிறகு விரைந்து பெருகுவது பெருக்க நிலை. உணவு குறைந்து கழிவு மிகும்போது பிறப்பும் இறப்பும் சமனாவது நிலைத்த நிலை. இறுதியில் இறப்பு விஞ்சுவது வீழ்ச்சி நிலை. வெப்பம், அமிலத்தன்மை, உப்பின் அளவு, உயிர்வளி, ஊட்டப்பொருள் ஆகியன இந்நிலைகளின் கால அளவை முடிவு செய்கின்றன.

குறைவாக உள்ளதே எல்லை

பத்துப் பொருள்கள் மிகுதியாக இருந்தும் தேவையான ஒன்று குறையுமாயின், வளர்ச்சியின் அளவை அந்த ஒன்றே வரையறுக்கிறது. கால்வாயில் குறைவது உயிர்வளி. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் உயிர்வளியையே கரைத்து வைத்திருக்க இயலும். வீடுகளிலிருந்து வரும் கழிவு, உயிர்வளியை நாடும் பாக்டீரியாக்களுக்குப் பெருவிருந்தாகிறது. அவை பெருகிப் பெருகி நீரில் உள்ள உயிர்வளி முழுவதையும் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் அந்நீரில் வாழ இயலாது.

உயிர்வளி தீர்ந்த இடத்தில் வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. நீரில் கரைந்துள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. நாற்றம் அதனால் வருவது. அவ்வாயு இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைடாவதால் சேறு கறுக்கிறது. சூழல் நுண்ணுயிரியை மாற்றுகிறது. நுண்ணுயிரி சூழலை மாற்றுகிறது.

இவ்வுறவைப் புரிந்துகொண்ட மனிதர், குறைவதைத் தாமே கொடுத்து நுண்ணுயிரிகளிடம் வேலை வாங்கக் கற்றனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, பாக்டீரியாத் திரளைப் பெருக்கி, நீரைத் தூய்மையாக்கும் முறையை 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் ஆகிய இருவர் வெளியிட்டனர். வடசென்னையின் கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையம் இம்முறையில் இயங்குகிறது. அங்கு எஞ்சும் கசடு, காற்றுப்புகாக் கலன்களில் வேறுவகை நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அவை தரும் எரிவாயுவிலிருந்து மின்சாரமும் எடுக்கப்படுகிறது.

கடலில் கலந்த எண்ணெய்

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. டான் காஞ்சிபுரத்திலிருந்து கனத்த எரியெண்ணெய் கடலில் கசிந்தது. தொடக்கத்தில் சிறிதெனக் கருதப்பட்ட கசிவு, பின்னர் ஏறத்தாழ 200 டன்னோ அதற்கு மேலோ எனக் கணக்கிடப்பட்டது. எண்ணெய் தெற்கு நோக்கிப் பரவி மெரினாவையும் கடந்தது. எர்ணாவூர்க் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளுக்கிடையே அது தேங்கிக் கறுங்குழம்பாயிற்று.

நீரும் எண்ணெயும் கலந்து தடித்த அக்குழம்பை இயந்திரங்களால் எளிதில் உறிஞ்ச இயலவில்லை. கடலோரக் காவல்படையினர், தீயணைப்பு வீரர், மீனவர், மாணவர் எனப் பலரும் வாளிகளால் அள்ளினர். ஆமைகள் முட்டையிடக் கரை நாடும் பருவம் அது. சென்னை மக்கள் மீன் வாங்க அஞ்சியதால், கடலுக்குச் சென்றவர்களின் மீனும் விலைபோகவில்லை. கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்நாள்கள் பசியின் நாள்களாயின.

எண்ணெயை உண்ணும் உயிர்கள்

கல்லெண்ணெய், பல கோடி ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்த கடலுயிர்களின் எச்சம். கடலடி நிலப்பிளவுகளின் வழியே அது இயற்கையாகவும் கசிகிறது. ஆதலால் அதை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் உலகக் கடல்கள் எங்கும் சிறு எண்ணிக்கையில் வாழ்கின்றன. 1998இல் விவரிக்கப்பட்ட அல்கனிவோராக்ஸ் போர்குமென்சிஸ் அவற்றுள் ஒன்று. எண்ணெய் கலந்ததும் அது விரைந்து பெருகுகிறது. சோப்பைப் போன்றதொரு பொருளைச் சுரந்து எண்ணெயைச் சிறுதுளிகளாக உடைக்கிறது. துளி சிறிதானால் பரப்பு கூடும். பரப்பு கூடினால் உண்ணுதல் எளிதாகும்.

இங்கும் குறைவின் விதி செயல்படுகிறது. எண்ணெயில் கரிமம் மிகுதி. பாக்டீரியாவின் உடல் வளரத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் மிகக் குறைவு. 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, கரைகளில் அவ்விரண்டும் கொண்ட உரங்களைத் தெளித்தே நுண்ணுயிரிகளை ஊக்கினர். உயிர்வளியும் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் முழுமையாகச் சிதைய, 3 இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட கடல்நீரில் கரைந்துள்ள உயிர்வளி தேவைப்படும்.

தெரிந்து தெளிவோம்

மேற்குவங்கத்தில் பிறந்த அறிவியலாளர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கல்லெண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கவல்ல சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கலாமா என்னும் வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1980இல் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

குழியில் நடந்த மருத்துவம்

எண்ணூர்க் கரையில் அள்ளப்பட்ட கசடு, காமராசர் துறைமுக வளாகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு உயிர்வழிச் சீரமைப்புக்கு உட்படுத்தப்பட்டது. இம்முறையில் கசடு மண்ணோடு கலந்து பரப்பப்படும். எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் ஊட்டப்பொருள்களும் சேர்க்கப்படும். காற்றுப் புகுவதற்காக மண் அவ்வப்போது கிளறப்படும், ஈரம் காக்கப்படும். உழவர் நிலத்தைப் பண்படுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. இங்கு விளைச்சலாகக் கிடைப்பது நஞ்சு நீங்கிய மண்.

இப்பணி நாள்களில் முடிவதன்று; திங்கள்கள் பலவாகும். இலேசான நேர்த்தொடர்க் கூறுகளை நுண்ணுயிரிகள் முதலில் உண்கின்றன. பல வளையங்கள் கொண்ட நச்சுக் கூறுகள் மெல்லச் சிதைகின்றன. நிலக்கீல் போன்ற கனத்த கூறுகள் நெடுங்காலம் எஞ்சுகின்றன. கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில் இக்கனத்த கூறுகளே மிகுதி.

நுண்ணுயிரியின் எல்லையும் மனிதரின் கடமையும்

2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்தது. அலையாத்திக் காடுகளின் வேர்களும் கறுத்தன. மீனவர் தம் கைகளாலேயே அதனை அகற்ற முற்பட்டனர்.

அலைமோதும் திறந்த கரையில் எண்ணெய் சிதையும் வேகத்தில், அலையாத்திச் சேற்றினுள் புகுந்த எண்ணெய் சிதையாது. அச்சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கீழே உயிர்வளி இல்லை. இறால் குஞ்சுகளும் நண்டுகளும் வளரும் நாற்றங்கால் அச்சேறே. நுண்ணுயிரி தன் பணியை முடிக்கும்வரை இறாலும் காத்திருக்க இயலாது. இறாலை நம்பிய குடும்பமும் காத்திருக்க இயலாது.

ஆகவே, இயற்கை தானே தூய்மை செய்துகொள்ளும் என்று சொல்லிக் கழிவைக் கொட்டுவது அறியாமை. நுண்ணுயிரியின் ஆற்றல் பெரிது. அதற்குக் காலமும் காற்றும் ஊட்டமும் வேண்டும். அவை கிடைக்கும் அளவுக்குள் நம் கழிவை நிறுத்துவது நம் பொறுப்பு. யானைக்கவுனியில் ஒருவர் வடிகாலில் கொட்டுவது, எண்ணூரில் மற்றொருவரின் வலையில் வந்து சேரும் என்பதை உணர்ந்து வாழ்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றின் நிறம், மணம், அதில் வாழும் உயிர்கள் ஆகியவற்றை ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுக.
2. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எவ்வழியே சென்று எங்கே சேர்கிறது என்பதைக் கேட்டறிந்து வரைபடமாக்குக.

குறுவினா

1. கால்வாய்ச் சேறு கறுப்பதற்குக் காரணம் யாது?
2. எண்ணெயைச் சிறுதுளிகளாக உடைப்பதால் விளையும் பயன் என்ன?

சிறுவினா

நுண்ணுயிரி வளர்ச்சியின் நான்கு நிலைகளை விளக்குக.

நெடுவினா

‘குறைவாக உள்ளதே வளர்ச்சியின் எல்லை’ என்னும் கருத்தைப் பக்கிங்காம் கால்வாய், எண்ணூர்க் கடல் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.