மும்பையில் வீடு: வாடகையா, பழைய ஃபிளாட்டா, எழும்பிக்கொண்டிருக்கும் கோபுரமா?

தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை வேலைக்குச் சேர்ந்து சம்பளச் சீட்டு வந்த கையோடு வீட்டுக்கடன் பேச்சும் தொடங்கிவிடுகிறது. வரன் பார்க்கும் இடத்தில் சொந்த ஃபிளாட் உண்டா என்று கேட்பார்களே என்னும் பெற்றோரின் கவலையும், நண்பர்கள் எல்லாரும் புக் செய்துவிட்டார்கள் என்னும் இளைஞரின் அவசரமும் சேர்ந்து, இருபது ஆண்டுச் சம்பளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிக் கொடுக்கச் செய்கின்றன.

தெரிந்த வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாடகை என்பது பெரும்பாலும் பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்', அதாவது குடியிருக்கும் அனுமதி மட்டுமே. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். பழைய கட்டடங்களில் எஞ்சியுள்ள பகடி, முன்தொகை கொடுத்துக் குறைந்த வாடகையில் நிலைத்த குடியிருப்புரிமை பெறும் முறை. வருமானப் பிரிவுக்கேற்ப மகாடா என்னும் மாநில வீட்டுவசதி வாரியம் நடத்தும் வீட்டுக் குலுக்கலும் உண்டு. தாராவியில் 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணங்களால் நிறுவக்கூடிய குடும்பத்துக்கு மறுமேம்பாட்டுத் திட்டத்தில் 350 சதுர அடி வீட்டுக்குத் தகுதி இருப்பதால், அத்தகையோர் கடனுக்கு அலையுமுன் தங்கள் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இவற்றைவிட மிகையாகப் புகழப்படுவதும் இளைஞர் பலரை வாட்டுவதும், கட்டி முடியாத கோபுரத்தில் கடன் வாங்கி ஃபிளாட் எடுக்கும் வழியே. வங்கி கட்டுமான நிலைக்கேற்பப் பணத்தைப் பில்டருக்குக் கொடுக்க, வாங்குபவர் அதுவரை வழங்கப்பட்ட தொகைக்கு 'பிரீ-இஎம்ஐ' எனப்படும் வட்டியை மட்டும் கட்டுகிறார். அசலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை, குடியிருக்கும் வீட்டின் வாடகையும் நிற்பதில்லை. சாவி கிடைக்கும்வரை வட்டியைப் பில்டரே கட்டுவார் என்னும் திட்டங்களிலும் கடன் இருப்பது வாங்கியவர் பெயரில்தான்; பில்டர் கட்டுவதை நிறுத்தினால் வங்கி வாங்கியவரைத்தான் கேட்கும், கெடுவதும் அவருடைய சிபில் மதிப்பெண்ணே. இத்தகைய திட்டங்களைக் கைவிடுமாறு தேசிய வீட்டுவசதி வங்கி 2019-இல் வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்னும் 2016-ஆம் ஆண்டு ரேரா சட்டம் பெரிய காப்புதான். ஆனால் தாமதமான ஆண்டுகளை எந்தச் சட்டமும் திருப்பித் தருவதில்லை. மாதிரி வீட்டைப் பார்க்கச் செல்வோர் கையில் அளவுநாடா இருக்கட்டும்; அறை பெரிதாகத் தெரிவதற்காகக் கட்டிலையே குட்டையாகச் செய்து போடும் இடங்கள் உண்டு.

கணக்கையும் பார்க்கலாம். 75 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி 80 விழுக்காடாகிய 60 லட்சம் தந்தாலும், கைப்பணம் 15 லட்சத்தோடு 6 விழுக்காடு முத்திரைத்தாள் கட்டணம் நாலரை லட்சமும் பதிவுக்கட்டணம் 30,000-மும் சேரும். கட்டி முடியாத வீடானால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, இன்னொரு 3.75 லட்சம். எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 52,000 ரூபாய். முதல் தவணையில் 42,500 வட்டிக்கே போய்விடும்.

ஓசி எனப்படும் குடிபுகு சான்றிதழ் பெற்ற பழைய சொசைட்டி ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நீச்சல்குளம் இராது, லிஃப்ட் முனகும். ஆயினும் மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஒழுகுகிறது என்பதையும், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் பக்கத்து வீட்டு மாமியிடமே கேட்டறியலாம். செம்பூரின் இத்தகைய மூன்று மாடிக் கட்டடங்களுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

வேலை நிலைக்குமா, வேறு ஊருக்கு மாற்றம் வருமா, மாதக் கட்டுப்பாடு தம் இயல்புக்கு ஒத்துவருமா என்பதை இளைஞர் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர் அதற்குக் காலம் தர வேண்டும். உத்தேசத் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈராண்டு மாதந்தோறும் தனியே சேமித்துப் பார்த்தால், தவணையைத் தாங்க முடியுமா என்பது தெரிந்துவிடும், கைப்பணமும் சேர்ந்திருக்கும்.