முதலில் தரையைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

புதுச்சேரியில், வைசியாள் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் வெளிச்சுவர் வேலையை ஒப்புக்கொள்ளப்போவதாக எழுதியிருந்தாய். படங்களையும் பார்த்தேன். திண்ணைச் சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பொரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் சிமென்ட் பூசச் சொல்கிறார், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். நீ கரணையை எடுக்கும் முன் இந்தக் கடிதம் வந்துசேர வேண்டும்.

அந்த உப்பு தரையிலிருந்து ஏறியது. அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஓதத்தைத் தடுக்க எதுவும் வைத்ததில்லை. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி வெளிமுகத்தில் காயும். காயும் இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பிளந்து உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். இடுப்பளவில் நின்ற ஈரம் தலைக்கு மேல் ஏறும். சில வருடம் சுவர் பளிச்சென்று இருக்கும். பிறகு பூச்சு செங்கல்லின் தோலையும் சேர்த்துப் பாளம் பாளமாகப் பெயரும். திண்ணைக்குக் கிரானைட் ஒட்டினாலும் கதி இதுதான்.

ஆகவே முதல் வேலை மண்வெட்டிக்கு. வீதி மட்டத்தைக் கவனி. சாலைமேல் சாலை போட்டு உயர்த்தியதில் வாசற்படிகள் புதைந்து, வீதித் தண்ணீர் திண்ணையடிக்கு வருகிறதா? பின்கட்டில் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டி, மண் குவித்து, தினமும் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள் என்பது படத்திலேயே தெரிகிறது. பாத்தியைச் சுவரிலிருந்து தள்ளி வை. சுவரோரம் ஓரிரு அடி அகலத்துக்குக் குவிந்த மண்ணை இறக்கி, ஜல்லி நிரப்பு. அஸ்திவாரம் வெளியே தெரியுமளவு தோண்டிவிடாதே. தரைக்கு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், சுவரை விட்டு விலகி ஓடும்படி. முற்றத்துத் தண்ணீர் போகும் பழைய தூம்பு நிச்சயம் அடைத்திருக்கும், திறந்து பார். காகிதப்பூக் கொடி இருக்கட்டும், அந்த ஊருக்கு அது அழகு. சுவரைத் தொடாமல் பந்தலில் ஏற்று. கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை மட்டும் பிடுங்கி இழுக்காதே, செங்கல் வரிசையே கையோடு வந்துவிடும். அடியில் வெட்டி, வேரைக் கருகவிட்டு, அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரை எடுத்து, மறுபடி கட்டு.

அடுத்தது சாந்து. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்ததே 1824-ல்தான். இந்தியாவில் ஆலைகள் வந்தது இருபதாம் நூற்றாண்டில். நீ தொடப்போகும் பழைய வீட்டின் மூலச் சுவரில் சிமென்ட் இருக்க வாய்ப்பில்லை. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்; சுவர் அசையும்போது தேய்ந்துபோவது சாந்தாக இருந்தால் திரும்ப அடைக்கலாம், செங்கல்லாக இருந்தால் முடியாது. இணைப்புகளை உளியால் மெல்லச் சுரண்டு. கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் ஓரம் போய்விடும். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆழம் போதும். நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்றுமணல் 3 பங்கு என்று தொடங்கி, பழைய சாந்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்து. கடல் மணல் பக்கமே போகாதே. சுவரை நனைத்துவிட்டு அடை. சில நாள் ஈரச்சாக்கு தொங்கட்டும், கடற்காற்று சுண்ணாம்பைச் சீக்கிரம் உலர்த்திவிடும்.

கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். தேர்ந்த கொத்தனார் கையில் அவை நல்லவைதான். வாட்டம் இல்லாத தரைமேல் நிற்கும் சுவரைக் கடுக்காய் காப்பாற்றாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடி. அவருக்குக் கூலியைக் குறைக்காதே, அவசரப்படுத்தாதே. முதல் பூச்சு சுவரின் உப்பை உறிஞ்சிக்கொண்டு வீணாகலாம்; அந்தச் செலவை இப்போதே கணக்கில் காட்டிவிடு.

வீட்டுக்காரரை ஒரு நாள் வைசியாள் வீதிக்கு அழைத்துப் போ. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று மீட்ட திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். கடற்கரைச் சாலையின் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடத்தையும் நினைவூட்டு. பராமரிப்பின்றிக் கிடந்த அந்தப் பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது புதிதாகக் கட்டியது.

இந்த மழைக்குள் வாட்டமும் வடிகாலும் மட்டும் முடியட்டும். மழை கொட்டும்போது போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார். சுவர் உலர்ந்தபின், பொங்கல் கழித்துச் சாந்தைத் தொடு. இவ்வளவு சொல்லியும் வீட்டுக்காரர் சிமென்ட்தான் என்று பிடிவாதம் பிடித்தால், தம்பி, அந்த வேலையை ஏற்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்