நகலுக்குத் தேதி வேண்டாம்

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் காடா துணி விற்பவர்களின் பேஸ்புக் பதிவுக்குத் தேவையான சங்கதிகள் கொஞ்சம்தான்: நூல் கவுன்ட், பன்னா, கையிருப்பு மீட்டர், விலை, போன் நம்பர். போன மாதப் பதிவை நகலெடுத்து இந்த மாதத்துக்கு நேரம் குறித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நூற்பாலைகள் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை மாற்றி அறிவிப்பது இங்கே வழக்கம். நூல் ஏறினால் துணி விலை அதே இடத்தில் நிற்காது. பழைய விலை தானாக வெளியே போய், அதைக் காட்டி ஒருவர் ஆர்டர் கேட்டால், கம்ப்யூட்டர் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. ஆகவே ஏபிஐ (ஒரு தளத்தோடு நிரல் பேசும் வழி) மூலம் பதிவுகளை நகலெடுக்கும் கருவியை யார் எழுதினாலும், நகல் முதலில் வரைவாக மட்டுமே வர வேண்டும். மூலப் பதிவின் தேதி அதில் ஒட்டிக்கொண்டு வரவே கூடாது.

முதல் வேலை, படிப்பது. மெட்டாவின் கிராஃப் ஏபிஐயில், பக்கத்துக்குரிய டோக்கனைக் கொடுத்தால், வெளியான பதிவுகளின் பட்டியலும் நேரம் குறித்துக் காத்திருக்கும் பதிவுகளின் பட்டியலும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் அடையாள எண், வாசகம், வெளியாகும் நேரம், இணைப்புகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். இவற்றில் வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தை விட்டுவிடுங்கள்; எண்ணை நகலில் சேர்க்காமல் தனியே குறித்துவையுங்கள். படத்தின் முகவரியையும் நம்ப வேண்டாம். மெட்டா தரும் பட முகவரிகள் சில நாளில் காலாவதியாகிவிடும். அசல் படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றுவதே சரி. பிறகு வாசகத்தில் விலையும் கையிருப்பும் இருக்கும் இடங்களை வெற்றிடமாக்கி, ஒரு கூகுள் ஷீட்டில் வரைவாக வையுங்கள். வெற்றிடம் ஒன்று மிச்சமிருந்தாலும் கருவி நேரம் குறிக்க மறுக்க வேண்டும். கருவியில் அதிகம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். மற்றதெல்லாம் சில வரி நிரல்.

எல்லாம் தானாக நடக்கத்தானே கருவி, நடுவில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். விலை இல்லாத பதிவுகளையாவது நேரே அனுப்பலாமே என்றும் கேட்கலாம். ஒரு திருவிழா வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கருமத்தம்பட்டி பசிலிக்கா ஜெபமாலை அன்னைக்கு உரியது; அந்த அன்னையின் விழா நாள் அக்டோபர் 7. 2024-இல் அது திங்கட்கிழமை, 2025-இல் செவ்வாய்க்கிழமை. விலையே இல்லாத அந்த வாழ்த்து கூட கிழமை மாறித் தப்பாகிவிடும். தட்டச்சு, படம் ஏற்றுவது, பக்கம் பக்கமாகப் போடுவது எல்லாவற்றையும் கருவி செய்யட்டும்; பதிவில் சொல்வது இன்றைக்கும் உண்மையா என்று பார்ப்பது மட்டும் ஆளின் வேலை. அதற்கு ஒரு பதிவுக்கு அரை நிமிடம் போதும்.

சரிபார்த்தபின் நேரம் குறிக்க வேண்டும். பேஸ்புக்கில் பதிவை வெளியிடாத நிலையில் அனுப்பி, வெளியாகும் நேரத்தை யுனிக்ஸ் நொடிக் கணக்கில் தருவது முறை. அந்த நேரம் அனுப்பும் கணத்திலிருந்து குறைந்தது 10 நிமிடமும் அதிகபட்சம் 30 நாளும் தள்ளி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் போட்டுவைக்கும் எண்ணம் அங்கேயே அடிபடும். இன்னொன்று, சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். காலை 9 மணி என்று எழுதி இந்திய நேரம் என்று குறிப்பிடாமல் விட்டால், பதிவு மதியம் 2.30-க்கு வெளிவரும்.

அனுப்பும்போது நெட் அறுந்தால் பதில் வராது. பதிவு போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. உடனே மறுபடி அனுப்பினால் ஒரே பதிவு இரண்டாக நிற்கும். மூலப் பதிவின் எண்ணையும் புதிய நேரத்தையும் சேர்த்து ஒரு குறியீடாக்கி, அனுப்புமுன்பே ஷீட்டில் எழுதிவையுங்கள். சந்தேகம் வந்தால் காத்திருக்கும் பதிவுகளின் பட்டியலை மறுபடி வாங்கிப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் அனுப்புங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு இதே நிரல் செல்லாது. அங்கே முதலில் பதிவுப் பொதி ஒன்றை உருவாக்கி, பிறகு வெளியிட வேண்டும். உருவாக்கிய பொதி 24 மணி நேரத்தில் காலாவதியாகும். எனவே நேரத்தை உங்கள் பக்கமே வைத்திருந்து, வேளை வரும்போது இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். எக்ஸ் தளமோ ஒரே வாசகத்தை மறுபடி அனுப்பினால் 403 பிழை சொல்லித் திருப்பிவிடும். அங்கே வாசகத்தை மாற்றித்தான் எழுத வேண்டும்.

ஒரே பக்கம், மாதத்துக்கு நாலு பதிவு என்றால் இவ்வளவும் வீண் செலவு. மெட்டா பிசினஸ் சூட்டில் கையாலேயே போட்டுவிடலாம். நாலைந்து பக்கங்கள், தமிழிலும் இந்தியிலும் தனித்தனி வாசகம், வாரம் இருமுறை மாறும் கையிருப்பு என்று வளர்ந்தவர்களுக்கே கருவி கட்டுப்படியாகும். அப்போதும் டோக்கனை அந்த ஷீட்டில் எழுதிவைக்காதீர்கள். ஷீட்டைப் பார்க்க முடிந்தவர் எவரும் உங்கள் பக்கத்தில் பதிவிட முடியும்.