நூற்றைத் தாண்டிய ஆஸ்பிரின்

நம்பிக்கை: விளைச்சல் சதவீதம் நூற்றைத் தாண்டினால் சோதனை அமோக வெற்றி.

உண்மை: ஆஸ்பிரின் இன்னும் காயவில்லை.

சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் சில சொட்டு கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி ஆஸ்பிரின் எடுப்பது கல்லூரி ஆய்வகங்களின் வழக்கமான பயிற்சி. சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 138, ஆஸ்பிரினுடையது 180. ஆக, 2 கிராம் அமிலம் முழுவதும் மாறினால் கிடைப்பது 2.61 கிராம். அதற்குமேல் ஒரு மில்லிகிராம்கூட வர வழியில்லை. ஆனால் வடிகட்டித் தாளிலிருந்து சுரண்டிய கையோடு தராசில் வைத்தால் 2.8 காட்டும், 107 சதவீதம் என்று ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும். கூடுதல் எடை, கழுவிய தண்ணீர். எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்துக் காயவைத்து நிறுத்தால் அதே பொடி 2.1 கிராமுக்கு இறங்கலாம். 80 சதவீதம். அதுதான் சொல்லத் தகுந்த விடை.

காய்ந்த பொடி என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. வினைபுரியாமல் தங்கிய சாலிசிலிக் அமிலமும் வெள்ளைப் படிகம்தான். தராசுக்கு இரண்டும் ஒன்று. ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டால் ஊதா நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

“அப்படியானால் மீதி 20 சதவீதம் வினையே நடக்கவில்லை” என்பது அடுத்த அவசரம். பெரும்பாலும் ஆஸ்பிரின் உருவாகியிருக்கும். நாம்தான் தொட்டியில் கொட்டியிருப்போம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3 கிராம் ஆஸ்பிரினைக் கரைத்துக்கொள்ளும். 50 மில்லி தண்ணீரில் தாராளமாகக் கழுவினால் 0.15 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய 6 சதவீதம், போயே போயிற்று. ஐஸ் தண்ணீரில் கொஞ்சமாகக் கழுவச் சொல்வது இதற்காகத்தான். குடுவைச் சுவரில் ஒட்டியது, தாளோடு போனது எல்லாம் தனி.

எடை குறைந்த பொருள்தான் முதலில் தீரும் என்று கணக்கைத் தொடங்குகிறவர்களும் உண்டு. 1 கிராம் ஹைட்ரஜனை 4 கிராம் ஆக்சிஜனில் எரித்துப் பாருங்கள்: தீர்வது ஆக்சிஜன், மிஞ்சுவது அரை கிராம் ஹைட்ரஜன். மோல் கணக்குப் போடாமல் சதவீதம் பேசுவதில் பயனில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் சர்வசாதாரணமாக வரும் 98, 99 சதவீதங்களையும் சந்தேகிக்கலாம். கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் ஹட்லிக்கியும் வெர்னரோவாவும் இழப்புகளை அளந்து பார்த்து 2010-இல் எழுதினார்கள்: சிறிய அளவில் செய்து, கரைப்பானால் பிரித்து, வடிகட்டி, வண்ணப்பிரிகையும் செய்த பொருளுக்கு 94 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

கடைசியாக, அதிக விளைச்சல் என்றால் கழிவு குறைவு என்ற எண்ணம். இபுபுரூஃபென் தயாரிப்பின் பழைய வழியில் ஆறு படிகள். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு நூறு தந்தாலும், உள்ளே போன மூலப்பொருள் நிறையில் 40 சதவீதம்தான் மருந்தாகும், மற்றது உபபொருள். 1992-இல் டெக்சாஸின் பிஷப் நகர ஆலையில் தொடங்கிய மூன்று படி முறையில் அது 77 சதவீதம். இந்த வித்தியாசத்தை விளைச்சல் சதவீதம் காட்டவே காட்டாது. அதைக் காட்டுவது 1991-இல் பேரி ட்ரோஸ்ட் முன்வைத்த அணுச் சிக்கனம் என்ற வேறொரு கணக்கு.